அணியின் பெயரும் அதன் முகவரியும்

ஒரு செயற்கூறு ஆளும் மதிப்பை மற்றொரு செயற்கூறும் அறியுமாறு செய்வது எங்ஙனம் என்பது கணிப்பொறி மொழி வகுத்தோரை நெடுநாள் வருத்திய வினாவாகும். 1950களின் இறுதியில் பார்ட்ரான் மொழி 'காமன்' எனும் பொதுப்பகுதியை வகுத்தது. 1967 அளவில் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் அமைத்த பி.சி.பி.எல். மொழியோ, பொதுவானதோர் அணியில் எண்ணிட்ட இடங்களை ஒதுக்கிற்று. தனித்தனியே மொழிமாற்றப்பட்ட பகுதிகள் அவ்வெண்களின் வழியாகவே ஒன்றையொன்று அறிந்தன. எண் பிறழ்ந்தால் பொருளும் பிறழும். கென் தாம்சன் பின்னர் ஆக்கிய பி மொழி அவ்வெண்களைக் களைந்து, புற மாறிகளைப் பெயராலேயே இணைத்தது. சி மொழியில் இன்றும் வழங்கும் 'எக்ஸ்டர்ன்' இதன் வழித்தோன்றலே.

அணியின் கதை வேறு. பி மொழியில் அணியின் பெயர் ஒரு தனி அறையைக் குறிக்கும். அணி தொடங்கும் இடத்தின் முகவரி அவ்வறையில் இருக்கும். 1971 முதல் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி இம்மொழியை விரித்துச் சி மொழியாக்க முற்பட்டபோது, யூனிக்சின் கோப்பு அடைவு இடர் தந்தது. அவ்வடைவின் ஒவ்வொரு பதிவும் ஓர் எண்ணும், 14 பைட்டுப் பெயரும் கொண்டது. வட்டில் பெயர் எழுத்துகளாகவே கிடக்க, முகவரிக்கு அங்கு இடமேது? முகவரியை எங்கும் சேமிக்க வேண்டா. கோவையில் அணியின் பெயர் ஆளப்படும்போது அது முதலுறுப்பின் முகவரியாய் மாறினால் போதும் என்பதே ரிச்சி கண்ட தீர்வு.

இன்றைய வழக்கு இதனால் விளைந்தது. தனி மாறியை அனுப்பினால் அதன் படியே செல்லும், மூலத்திற்கு ஊறில்லை. அணியை அனுப்பினாலோ முகவரி செல்லும். அங்குச் செய்த மாற்றம் இங்கும் தெரியும். விரைவு உண்டு, சிக்கனம் உண்டு. ஆனால் அணியின் நீளம் உடன் செல்வதில்லை. 1988 நவம்பரில் இணையத்தைக் கலக்கிய மோரிசின் புழு, 512 பைட்டு அணியொன்றை அளவு மீறி நிரப்பியும் கணிப்பொறிகளுட் புகுந்தது. நீளம் கேளாது வாங்கும் 'கெட்ஸ்' எனும் செயற்கூறே அதற்கு வாயில். அச்செயற்கூறு தரத்தினின்று நீக்கப்பெற்றது 2011இல்தான்! இத்துணைத் தாமதத்திற்குப் பழைய நிரல்கள்பால் கொண்ட பரிவன்றி வேறு காரணம் கூறல் அரிது.

தமிழ் எழுதுவோர்க்கு இவ்விடர் இன்னும் அணுக்கமானது. கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு செயலியைத் தொடங்கினார். பின்னர்ப் பரவிய டிஸ்கி போன்ற குறியீடுகளில் ஒவ்வொரு வடிவமும் ஒரு பைட்டில் அடங்கிற்று. 1991இல் யூனிகோடு தமிழுக்கு இடமளித்தது. மறு ஆண்டில் அதே தாம்சன் ராப் பைக்குடன் சேர்ந்து யூ.டி.எப்.-8 முறையை வகுத்தார். அம்முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும். 'கிள்ளான்' என்பதில் கண்ணுக்குத் தெரியும் எழுத்து 4, குறிகள் 8, பைட்டுகள் 24. பழைய யூனிக்சின் 14 பைட்டில் ஊரின் பாதிப்பெயரே அடங்கும். 'பிரிக்பீல்ட்ஸ்' எனின் 42 பைட்டு வேண்டும். முகவரியை மட்டும் பெற்ற செயற்கூறு இதனைத் தானே அறியாது. இறுதிச் சுழியையும் சேர்த்து முன்னதற்கு 25, பின்னதற்கு 43 என அளவை உடன் சொல்லியனுப்புதல் நிரல் எழுதுவோன் கடன்.