செடிலும் சம்மதமும்

செடில் என்பது முதுகுத் தசையில் இரும்புக் கொக்கி மாட்டி, உயர்ந்த மரத்தில் ஒருவரைத் தொங்கவிட்டுச் சுற்றும் நேர்த்திக்கடன் ஆகும். மாரியம்மன் திருவிழாக்களில் இது நடைபெற்றது. நேர்ந்துகொண்டவருக்குப் பதிலாகக் கூலி பெற்றுப் பிறர் தொங்கியதும் உண்டு. வங்காளத்தில் 1865இலும் சென்னை மாகாணத்தில் 1894இலும் இது தடை செய்யப்பட்டது.

2024 வரை நடைமுறையில் இருந்த 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 87ஆம் பிரிவின்படி, 18 வயது கடந்தவர் சம்மதித்து ஏற்ற தீங்கைக் குற்றமாகக் கொள்ளவில்லை. மரணமோ கொடுங்காயமோ விளைவிக்கும் நோக்கமோ, விளையக்கூடும் என்ற அறிவோ இருத்தல் ஆகாது என்றது அப்பிரிவு. அச்சத்தால் தந்த சம்மதம் செல்லாது என்றது 90ஆம் பிரிவு. வறுமையால் தந்த சம்மதம் பற்றி அது எதுவும் கூறவில்லை.

திருவரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடத்துக்கு அப்பாலுள்ள சமயபுரத்தில் பக்தர்கள் இன்றும் அலகு குத்துகின்றனர். அங்கு வலியை ஏற்பவர் நேர்ந்துகொண்டவரே. கூலிக்குச் செடிலில் தொங்கியவர் நிலை அதுவன்று.