தெற்கு ஆப்பிரிக்காவில் வனவிலங்குச் சஃபாரி

காட்டு விலங்குகளை அவை வாழும் இடத்துக்கே சென்று, பெரும்பாலும் வழிகாட்டியின் துணையோடு காணும் பயணம் சஃபாரி. தெற்கு ஆப்பிரிக்கா என்று இங்கே சொல்வது தென்னாப்பிரிக்கக் குடியரசோடு நமீபியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, சாம்பியா ஆகிய நாடுகளையும் சேர்த்துத்தான். குரூகர், எட்டோஷா, ஹ்வாங்கே, தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காக்களும் ஒகவாங்கோ சதுப்பு நிலமும் இந்தப் பயணத்துக்குப் பெயர்பெற்ற இடங்கள். இவற்றை மனிதக் கை படாத ஆதிகாடுகள் என்று சுற்றுலா ஏடுகள் வருணிக்கின்றன. வரலாறு அதற்குச் சான்று தரவில்லை. ஹ்வாங்கேயில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. யானைக் கூட்டங்கள் வந்து குடிக்கும் குளங்கள் பலவும் 1930களிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டி, நீரிறைத்து உண்டாக்கியவை. பூங்காக்களின் எல்லைகள் அரசாணைகளால் வரையப்பட்டவை. அவற்றுக்குள் முன்பு ஊர்கள் இருந்தன. ஆகவே இங்குள்ள சஃபாரியின் வரலாற்றை, விலங்கின்மேல் உரிமை யாருக்கு என்ற வழக்கின் வரலாறாகப் படிப்பதே பொருந்தும். விலங்குகளோடு நாள்தோறும் வாழும் மக்களுக்கு அந்த உரிமையில் பங்கு கிடைத்த இடங்களில்தான் விலங்கும் பயணமும் உறுதியாக வேர்விட்டிருக்கின்றன என்பதை அந்த வரலாறு காட்டுகிறது.

வேட்டைப் பயணங்கள்

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இங்கே விலங்குகளுக்கு உரியவர்கள் இருந்தார்கள். சான் மக்களின் குழுக்கள் வேட்டை நிலங்களைத் தமக்குள் வரையறுத்து வைத்திருந்தன. ட்ஸ்வானா அரசுகளில், கொல்லப்பட்ட யானையின் இரண்டு தந்தங்களில் ஒன்று தலைவனுக்குச் சேர வேண்டும். பம்பாய்ப் பொறியாளர் படை அதிகாரியான வில்லியம் கார்ன்வாலிஸ் ஹாரிஸ், உடல்நலம் தேறுவதற்காக 1836இல் இந்தியாவிலிருந்து கேப் காலனிக்கு வந்து, மாட்டு வண்டிகளில் வடக்கே பயணமானார். இந்டெபெலே அரசர் ம்சிலிகாசியைச் சந்தித்து, பரிசுகள் கொடுத்து, இசைவு பெற்ற பிறகே அவர் மகாலிஸ்பெர்க் மலைப்பக்கம் வேட்டைக்குப் போனார். வாள்போல் பின்னோக்கி வளைந்த கொம்புகளைக் கொண்ட சேபிள் மானை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியது அந்தப் பயணம்தான். 1840களில் ரோலின் கார்டன்-கம்மிங்கும் 1870களில் ஃபிரெடெரிக் செலூஸும் அதே வழியில் வந்து, வேட்டைப் பயண நூல்களால் புகழ் பெற்றார்கள். இதற்குள் தந்தமும் தோலும் பெருஞ்சந்தைப் பொருள்களாகி, விலங்கினங்கள் அழியத் தொடங்கிவிட்டன. துப்பாக்கி கைக்கு வந்த ஆப்பிரிக்க வேட்டைக்காரர்களும் இந்த அழிவில் பங்கேற்றார்கள். ஆனால் அதைத் தூண்டிவிட்டது கடல்கடந்த தேவை. கேப் பகுதியின் நீலமான் 1800 வாக்கிலேயே அற்றுப்போனது. பாதி உடலில் மட்டும் வரியுள்ள குவாகாவின் கடைசி உயிர் 1883இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக்காட்சிசாலையில் மடிந்தது. தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகங்கள் அந்த நூற்றாண்டின் முடிவில் நூற்றுக்கும் குறைவாக, சூலூலாந்தின் உம்ஃபோலோசி ஆற்றுப்பகுதியில் மட்டும் எஞ்சின. 1896-97இல் பரவிய வெக்கை நோய் கால்நடைகளோடு காட்டெருமைகளையும் வாரிக்கொண்டு போனது.

காப்பகங்களும் வெளியேற்றமும்

அழிவைக் கண்டு அஞ்சிய காலனி அரசுகள் காப்பகங்களை அறிவிக்கத் தொடங்கின. 1895இல் ஹ்லுஹ்லுவே, உம்ஃபோலோசி. 1898இல் டிரான்ஸ்வால் குடியரசின் தலைவர் பால் குரூகர் அறிவித்த சாபி காப்பகம். 1907இல் ஜெர்மானிய ஆட்சியின்கீழ் எட்டோஷா. தேர்ந்தெடுத்த நிலங்களிலேயே ஒரு காரணம் தெரிகிறது. சாபி போன்ற தாழ்நிலங்களில் மலேரியா மனிதரை வாட்டியது. செட்சி ஈ பரப்பிய நோய் மாடுகளைக் கொன்றது. வெள்ளை உழவர்கள் விரும்பாத நிலம் விலங்குகளுக்கு விடப்பட்டது. ஆனால் அதில் ஆப்பிரிக்கர் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1902இல் சாபியின் காப்பாளராகப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹாமில்டன் தொடக்கத்திலேயே அங்கிருந்த ஊர்களை அகற்றினார். எட்டோஷாவிலிருந்து ஹைஓம் மக்கள் 1954இல் வெளியேற்றப்பட்டார்கள். குரூகரின் வடகோடியான பஃபூரியிலிருந்து மகுலேகே மக்கள் 1969இல். நிலத்தோடு போனது வாழ்முறையும்தான். பசிக்கு ஒரு மானைக் கண்ணி வைத்துப் பிடித்தவர் சட்டத்தின் கண்ணில் திருடரானார். உரிமம் வாங்கிக் கொம்புக்காகச் சுட்டவர் கனவானாகவே இருந்தார். காப்பகத்துக்கும் ஊருக்கும் இடையே தலைமுறைகளாக நிற்கும் கசப்புக்கு இந்த வேறுபாடு முதன்மையான வேர்.

ரயிலும் காரும்

துப்பாக்கியில்லாத பயணி வந்தது ஏறத்தாழத் தற்செயலாக. தென்னாப்பிரிக்க ரயில்வே 1923இல் தொடங்கிய ஒன்பது நாள் சுற்றுலா ரயில், மொசாம்பிக் கடற்கரைக்குப் போகும் வழியில் சாபி காப்பகத்தைக் கடந்தது. வழியில் நின்று விலங்கு பார்த்த பொழுதே பயணிகளுக்கு மிகவும் பிடித்துப்போனது. பொதுமக்களின் இந்த ஆர்வத்தைக் காட்டித்தான் காப்பகத்தைத் தேசியப் பூங்காவாக்கும் வாதத்தை ஸ்டீவன்சன்-ஹாமில்டன் வலுப்படுத்தினார். 1926இல் தேசியப் பூங்காச் சட்டம் நிறைவேறி, குரூகர் பூங்கா பிறந்தது. 1927இல் உள்ளே வந்த கார்கள் மூன்றே மூன்று, 1929இல் 850. பயணி தன் காரையே ஓட்டிக்கொண்டு, இறங்காமல், மாலையில் முகாமின் கதவு அடைபடுவதற்குள் திரும்பும் முறை அப்போது உருவானது. தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது என்ற விதியோடு அது இன்றும் நடப்பில் இருக்கிறது. விலை மலிவான இந்த முறை நடுத்தரக் குடும்பங்களைக் காட்டுக்குள் அழைத்து வந்தது பெரிய மாற்றம்தான். ஆனாலும் தேசியம் என்ற அந்தச் சொல்லுக்குள் தேசம் முழுதும் இடம்பெறவில்லை. நிறவெறி ஆட்சியின் பிரிவினை விதிகள் முகாம்களிலும் நடந்தன. வெள்ளையரல்லாதார் பயணியாக வருவதைவிடப் பணியாளாக வருவதே இயல்பாகக் கருதப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் 1860 முதல் குடியேறி வாழ்ந்த தமிழரும் அந்தப் பிரிவினைக் கோட்டுக்கு வெளியேதான் நிறுத்தப்பட்டார்கள்.

நடையும் தடமும்

சஃபாரியின் மற்றொரு வடிவம் சாம்பியாவின் லுவாங்வா பள்ளத்தாக்கில் உருவானது. 1950இல் வனவிலங்குக் காப்பாளர் நார்மன் கார், அப்பகுதித் தலைவர் இன்செஃபுவுடன் பேசி, அவர் ஒதுக்கிய நிலத்தில் விலங்கு பார்க்க வருவோருக்கு ஒரு முகாம் அமைத்தார். வருவாய் ஊருக்குப் போனது. காலால் நடந்து விலங்கு காணும் பயணத்தை வளர்த்தவரும் நார்மன் கார்தான். உம்ஃபோலோசியில் வனக் காவலர்களான இயன் பிளேயரும் மகுபு இன்டோம்பேலாவும் 1950களின் இறுதியில் நடைப்பயணங்களைத் தொடங்கினார்கள். இந்தப் பயணங்கள் எல்லாம் உள்ளூர் மக்களின் ஓர் அறிவை நம்பியே நடக்கின்றன. திறந்த ஜீப்பின் முன்பக்கத்தில் பொருத்திய தனி இருக்கையில் தடம் பார்ப்பவர் அமர்ந்திருப்பார். மணலில் சிறுத்தையின் காலடி தெரிந்ததும் கையை உயர்த்தி வண்டியை நிறுத்துவார். தடத்தின் விளிம்பு கூராக நிற்கிறதா, உதிர்ந்து சரிந்திருக்கிறதா. இரவில் ஊர்ந்த பூச்சி விட்டுச்சென்ற கோடு தடத்தின்மேல் ஓடுகிறதா, தடம் அந்தக் கோட்டை அழித்திருக்கிறதா. சாய்ந்த புல்லில் பனித்துளி உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்து, விலங்கு கடந்து எத்தனை நேரமாயிற்று என்று கணிப்பார். இம்பாலா மான்கள் மூக்கால் சீறுவதும் குரங்குகள் ஒரே திசையைப் பார்த்துக் கத்துவதும் மீதியைச் சொல்லிவிடும். இந்த அறிவைப் பல தலைமுறையாக வளர்த்தது வேட்டை. வேட்டையில் திருட்டு என்று தண்டிக்கப்பட்ட அதே திறமைதான் சஃபாரியில் பயணியின் பணத்துக்கு மதிப்புத் தருகிறது என்பதை மறக்கலாகாது.

தனியார் உரிமை

1975இல் ரொடீசியாவும் (இன்றைய ஜிம்பாப்வே) தென்மேற்கு ஆப்பிரிக்காவும் (இன்றைய நமீபியா) நில உடைமையாளர்களுக்குத் தங்கள் நிலத்து விலங்கின்மேல் உரிமை கொடுத்தன. தென்னாப்பிரிக்காவில் 1991ஆம் ஆண்டுச் சட்டம், முறையாக வேலியிட்ட நிலத்தின் விலங்கை உடைமையாகவே ஏற்றது. விளைவு விரைவில் தெரிந்தது. மாடு மேய்ந்த பண்ணைகள் மானுக்கும் வரிக்குதிரைக்கும் திரும்பின. குரூகரை ஒட்டிய சாபி சாண்ட் தனியார் காப்பகத்துக்கும் பூங்காவுக்கும் இடையிலிருந்த வேலி 1993இல் அகற்றப்பட்டு, விலங்குகள் தடையின்றி நடமாடின. உடைமையாளருக்குப் பயன் கிடைத்தால் விலங்கு பெருகும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் உடைமை மட்டுமே காட்டைக் காப்பதில்லை என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. கூண்டில் வளர்த்த சிங்கங்களை அடைத்த வெளியில் விட்டுச் சுடவைக்கும் தொழில் இதே உரிமையின் நிழலில் வளர்ந்தது. மேலும், 1975ஆம் ஆண்டுச் சட்டங்களின் பலன் முதலில் சேர்ந்தது பெரும்பாலும் வெள்ளைப் பண்ணையாருக்கே. பொது நிலங்களில் யானையோடும் சிங்கத்தோடும் வாழ்ந்தவர்களுக்கு வெறுங்கைதான்.

சமூக உரிமை

அந்தக் குறையை நீக்கும் முயற்சிகளுக்கு முன்னோடி, ஒகவாங்கோவில் பதவானா மக்கள் தங்கள் நிலத்திலேயே 1963இல் அமைத்த மொரேமி காப்பகம். ஜிம்பாப்வேயில் கேம்ப்ஃபயர் என்ற திட்டம் 1980களின் இறுதியில் வேட்டை, சுற்றுலா வருவாயை ஊர்களுக்குத் தர முனைந்தது. உரிமை மாவட்ட மன்றங்களோடு நின்றுவிட்டதால், பணத்தின் பெரும்பகுதியும் பல இடங்களில் அங்கேயே தங்கிவிட்டது. நமீபியா இதிலிருந்து ஒருபடி மேலே சென்றது. வறட்சியும் கள்ள வேட்டையும் வடமேற்கைச் சூறையாடிய 1980களில், வனவிலங்குக் காப்பு ஆர்வலர் கார்த் ஓவன்-ஸ்மித் அப்பகுதித் தலைவர்களோடு சேர்ந்து, ஊரே தேர்ந்தெடுத்த விலங்குக் காவலர்களை நியமித்திருந்தார். அந்த அனுபவத்தின்மேல் எழுந்தது 1996ஆம் ஆண்டுச் சட்டம். ஓர் ஊர்த்தொகுதி தன் எல்லையை வரையறுத்து, உறுப்பினரைப் பதிவுசெய்து, குழுவைத் தேர்ந்தெடுத்து, வருவாயைப் பங்கிடும் திட்டத்தை ஏற்றுக்கொண்டால் சமூகக் காப்பகமாகப் பதிவாகலாம். விடுதி நிறுவனங்களோடு தானே ஒப்பந்தம் போடலாம். 1998இல் நான்கு காப்பகங்கள் பதிவாயின. இன்று 86 இருக்கின்றன. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவற்றின்கீழ் வருகிறது. தேசியப் பூங்காவின் வேலி எதுவும் இன்றிக் கறுப்புக் காண்டாமிருகங்கள் உலவும் குனேனே பாலைநிலம் இவற்றில் அடங்கும். தென்னாப்பிரிக்காவில் மகுலேகே மக்கள் 1998இல் தங்கள் நிலத்தைச் சட்டப்படி மீட்டார்கள். அங்கே மீண்டும் குடியேறாமல், நிலத்தைப் பூங்காவின் பகுதியாகவே வைத்து, விடுதிகளுக்கு இடம் கொடுத்து வருவாய் பெறும் வழியை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள்.

மறுப்புகளும் விடைகளும்

மக்களை வெளியேற்றிய பூங்காக்கள்தானே விலங்கைக் காத்தன என்பது முதல் மறுப்பு. அதில் உண்மை உண்டு. உம்ஃபோலோசியில் கட்டுப்பாடு இல்லாதிருந்தால் வெள்ளைக் காண்டாமிருகம் அற்றுப்போயிருக்கும். 1960களில் அங்கிருந்து குரூகருக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பிய விலங்குகளே அந்த இனத்தை மீட்டன. ஆனால் அதே குரூகரில், ஆயுதம் ஏந்திய காவலும் ஹெலிகாப்டரும் இருந்தும் கள்ள வேட்டை கட்டுக்கடங்காமல் போனது. தென்னாப்பிரிக்கா முழுதுமாக 2014இல் மட்டும் 1,215 காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டன. கொம்பின் சந்தை ஆசியாவில் இருக்கிறது என்பதால் எல்லைப்புற ஊர்களைக் குறைசொல்வது நியாயமல்ல. இருந்தாலும், பூங்காவால் எதுவும் பெறாத ஊரில் கள்ள வேட்டைக் கூட்டத்துக்கு ஆள் கிடைப்பது எளிது. தகவல் தர ஆள் கிடைப்பது அரிது. காவல் தேவைதான். பக்கத்து ஊரின் ஒத்துழைப்பு இல்லாத காவல் நீடிக்காது என்பதே இங்குள்ள வாதம்.

சுற்றுலாப் பணம் ஊரை அடைவதேயில்லை, அடைந்தாலும் நிலையில்லை என்பது இரண்டாவது மறுப்பு. 2020இல் பெருந்தொற்றால் விமானங்கள் நின்றபோது விடுதிகள் மூடின. சமூகக் காப்பகங்கள் காவலர்களின் சம்பளத்துக்கு அவசர நிதியை நாட வேண்டியிருந்தது. இந்த மறுப்பு வலுவானது. ஆனால் அது உரிமைக்கு எதிராக நிற்கவில்லை, ஒற்றை வருவாயை நம்புவதற்கு எதிராகத்தான் நிற்கிறது. ஒப்பந்தம் போடும் அதிகாரம் ஊரிடம் இருந்தால் வருவாயின் வழிகளைப் பெருக்கவும் மாற்றவும் அதனால் முடியும். விடுதி முதலாளியின் தரும சிந்தனையை நம்பியிருக்கும் ஊருக்கு அது முடியாது.

மூன்றாவது மறுப்பு கட்டண வேட்டையைப் பற்றியது. தலைக்கும் கொம்புக்கும் பணம் கொடுத்து உயிரைக் கொல்வதைப் பலர் அறமாக ஏற்பதில்லை. அந்த உணர்வு மதிக்கத்தக்கது. எனினும் கேமராவோடு வரும் பயணி விலங்கு நெருக்கமாக உள்ள, போக்குவரத்து வசதியுள்ள இடங்களையே நாடுகிறார். அவர் எட்டாத வறண்ட நிலங்களில் ஊருக்குக் கிடைக்கும் வருவாயும் இறைச்சியும் பெரும்பாலும் வேட்டையிலிருந்தே வருகின்றன. போட்ஸ்வானா 2014இல் வேட்டையைத் தடைசெய்து, ஊர்களின் எதிர்ப்புக்குப் பின் 2019இல் தடையை நீக்கியது. வேட்டை வேண்டுமா வேண்டாமா என்பதை, இரவில் யானை மிதித்த சோளக்கொல்லையை மறுநாள் பார்க்க வேண்டியவர்களைக் கேட்காமல் தொலைவிலிருந்து தீர்மானிப்பது பழைய காலனி முறையின் தொடர்ச்சியாகவே முடியும்.

இன்றைய நிலை

அங்கோலா, போட்ஸ்வானா, நமீபியா, சாம்பியா, ஜிம்பாப்வே ஆகிய ஐந்து நாடுகள் 2011இல் செய்த உடன்படிக்கையால் காசா என்ற எல்லைகடந்த காப்புநிலம் உருவானது. பரப்பு ஏறத்தாழ 5,20,000 சதுர கிலோமீட்டர். 2022இல் நடந்த வான்வழிக் கணக்கெடுப்பு அங்கே சுமார் 2,28,000 யானைகளைக் கண்டது. அவற்றில் பாதிக்கும் மேல் போட்ஸ்வானாவில். இந்த யானைகள் பூங்காவிலிருந்து பூங்காவுக்குப் போகும் வழியெல்லாம் வயல்களும் ஊர்களும் இருக்கின்றன. அந்த வழிகளை அடைக்காமல் விட்டுவைப்பதா என்று முடிவெடுக்கப்போவது அங்கே உழுகிறவர்கள். ஆகவே ஒரு சஃபாரியை எடைபோடும்போது, எத்தனை விலங்குகள் கண்ணில் பட்டன என்பதோடு, அந்த நிலத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் யார், கட்டணத்தில் ஊருக்கு எவ்வளவு, வழிகாட்டியும் மேலாளரும் எங்கிருந்து வந்தவர்கள் என்ற கேள்விகளையும் பயணி கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான விடை சொல்லக்கூடிய நிறுவனங்கள் இன்று தெற்கு ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. பயணிகள் அவற்றைத் தேடிப் போகும் அளவுக்கு, யானை வழிகளைத் திறந்துவைப்பதில் அந்த ஊர்களுக்குப் பயன் கூடும்.