ஜனக்புரியின் நிலத்தடியும் 48 மணி நேர அறிவிப்பும்

தில்லியின் மேற்கே, பங்கா ரோடுக்கும் திலக் நகருக்கும் இடைப்பட்ட பிரதேசத்தில், தில்லி அபிவிருத்தி ஆணையம் 1970களில் ஏ, பி, சி, டி என்று எழுத்திட்ட பிளாக்குகளாக வகுத்து நிர்மாணித்த ஜனக்புரிக்கு, ஆசியாவிலேயே பெரிய குடியிருப்பு என்ற பெருமை வெகுகாலம் பேசப்பட்டு வந்தது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று அங்கே இருப்பதால் தலைநகர்த் தமிழர்களுக்கும் அது பரிச்சயமான இடமே. அதன் வீதிகளைப் பற்றி எழுதுவது சுலபம். தரைக்குக் கீழே சில அடி ஆழத்தில் கிடக்கும் குழாய்களையும் கேபிள்களையும் பற்றி எழுதுவதோ, அவை யாருக்குச் சொந்தம், அவற்றை வெட்டியவர் யாருக்குப் பதில் சொல்லவேண்டும் என்ற விவகாரங்களை எழுதுவதே ஆகையால், சட்டப் புஸ்தகத்தைப் புரட்டாமல் முடியாது.

இந்தியத் தந்திச் சட்டம் 1885இல் இயற்றப்பட்டபோது, பிறர் நிலத்தின் மேலும் கீழும் கம்பி கொண்டுசெல்லும் உரிமையைச் சர்க்கார் தனக்கு எடுத்துக்கொண்டது. கம்பியை வேண்டுமென்றே சேதப்படுத்துகிறவனுக்குச் சிறையும் விதித்தது. கெட்ட எண்ணம் ஏதுமின்றித் தன் நிலத்தைத் தோண்டுகிறவனைப் பற்றிய யோசனை 1914இல்தான் வந்தது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, தந்திக் கம்பிக்குச் சேதம் விளையக்கூடிய வேலையைச் செய்ய விரும்புகிறவன் ஒரு மாதத்துக்குக் குறையாமல் முன்னறிவிப்பு எழுத்தில் தரவேண்டும். தராமல் அஜாக்கிரதையாக வெட்டிவிட்டால் பழுதுபார்க்கும் செலவோடு, தந்திப் போக்குவரத்து தடைப்பட்டிருக்குமாயின் 1000 ரூபாய் வரை அபராதமும் கட்டவேண்டும். முறைப்படி அறிவித்துவிட்டுத் தன் உரிமைக்குட்பட்டு வேலை செய்தவனை அந்தப் பிரிவு தொடாது.

இதனினும் நுட்பமானது 1910ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்துப் பதினைந்தாம் பிரிவு. மின்சாரக் கம்பெனி ஒன்று சாக்கடை, குழாய் முதலியவற்றின் அருகே பள்ளம் தோண்டினாலும் சரி, குழாய் பதிக்க அதிகாரம் பெற்ற வேறொருவர் மின்கேபிளின் அருகே தோண்டினாலும் சரி, அவசர நிலை தவிர மற்றச் சமயங்களில், தோண்டுகிறவர் 48 மணி நேரத்துக்குக் குறையாமல் எழுத்துமூலம் அறிவிக்கவேண்டியிருந்தது. அறிவிப்புப் பெற்ற சொந்தக்காரருக்கு வேலை நடக்கும்போது அங்கே வந்து நிற்கும் உரிமை இருந்தது. வேலையும் அவருக்கு நியாயமான திருப்தி உண்டாகும்படி நடக்கவேண்டியிருந்தது. இருதரப்புக்கும் ஒரே அளவான கடமையை விதித்த இந்தப் பிரிவுக்கு நிகராக, பின்னால் வந்த சட்டங்களில் நான் எதையும் எளிதில் சொல்லமாட்டேன்.

ஆயினும் இது, ஒருவரையொருவர் அறிந்த இரண்டு மூன்று ஸ்தாபனங்கள் மட்டும் வீதியைப் பங்கிட்டுக்கொண்ட காலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஜனக்புரியிலோ சொந்தக்காரர்கள் பெருகியதோடு பெயரும் மாறிக்கொண்டே போனார்கள். தபால் தந்தி இலாகா பதித்த டெலிபோன் கேபிள் 1986இல் மகாநகர் டெலிபோன் நிகத்தின் வசமாயிற்று; மாநகராட்சியின் கீழிருந்த குடிநீரும் பாதாளச் சாக்கடையும் 1998இல் தில்லி ஜல் போர்டுக்குச் சென்றன; மின்விநியோகம் பல கை மாறி 2002 ஜூலையில் பி.எஸ்.இ.எஸ். ராஜதானி என்ற தனியார் கம்பெனியைச் சேர்ந்தது. அதற்குள் இந்திரப்பிரஸ்தா கேஸ் கம்பெனியின் எரிவாயுக் குழாயும், எண்ணிறந்த தனியார் நிறுவனங்களின் ஃபைபர் கேபிளும் அதே ஓரத்து மண்ணில் இடம் தேடின. அறிவிப்புக் கொடுக்கச் சட்டம் சொல்லியது. எந்த விலாசத்துக்குக் கொடுப்பது என்பதை வீதியில் நிற்கும் ஜூனியர் என்ஜினியரால் சொல்ல இயலாது போயிற்று.

கேபிள் அறுந்தால் வீட்டில் டெலிபோன் ஊமையாகும், அவ்வளவே. எரிவாயுவின் விஷயம் வேறு. 1970 ஏப்ரலில் ஜப்பானின் ஒசாகாவில் சுரங்க ரயிலுக்குத் தோண்டிய இடத்தில் கசிந்த வாயு வெடித்து 79 பேர் மாண்டனர். 1995 ஏப்ரலில் தென்கொரியாவின் தேகு நகரில், மீண்டும் ஒரு சுரங்க ரயில் வேலைத்தலத்தில், 101 பேர் மாண்டனர். மெட்ரோ ரயிலின் மேம்பாலத்து நீலப்பாதையோடு நில்லாமல் தரைக்கடியிலும் ஒரு நிலையம் ஜனக்புரி மேற்கில் அமைந்து, 2018 மே மாதத்தில் அங்கிருந்து வண்டிகள் ஓடத் தொடங்கின என்பதை நினைக்கும்போது, இவை தூரதேசத்துக் கதைகளாகத் தோன்றுவதில்லை. 2023 ஜூலை 5ஆம் தேதி அந்தப் பேட்டையில் சாலை ஒன்று தானாகவே உள்வாங்கிப் பெரும்பள்ளமாயிற்று; யாரும் தோண்டாத இடத்துக்கும் நிலத்தடி வரைபடம் தேவை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

யாருக்கு அறிவிப்பது என்ற விலாசப் பிரச்னைக்கு அமெரிக்கர் வேறுவிதமாகப் பரிகாரம் கண்டனர். 1976 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் வீதியொன்றில் தோண்டும் இயந்திரம் பெட்ரோல் குழாயில் பட்டு ஒன்பது பேர் இறந்தனர். ஒரே அழைப்பில் எல்லாச் சொந்தக்காரருக்கும் அறிவிக்கும்படி அக்காலத்தில் அங்கே பரவிவந்த முறை, 2007 முதல் 811 என்ற எண்ணாகத் தேசம் முழுவதற்கும் பொதுவாயிற்று. தோண்டுமுன் அந்த எண்ணுக்குச் சொன்னால், மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், குடிநீருக்கு நீலம், சாக்கடைக்குப் பச்சை என்று தரையிலேயே வர்ணம் பூசிக் காட்டுவார்கள்.

நம் நாட்டில் தந்திச் சட்டத்தின் கீழ், தோண்டுகிறவர் பொது வலைத்தளத்தின் வழியாக அறிவிக்கவேண்டும் என்ற விதிகள் 2023 ஜனவரியில் வெளியாயின. மார்ச் 22இல் தில்லி விஞ்ஞான் பவனில், தோண்டுமுன் சொல்லுங்கள் என்ற பொருள்படும் 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியைப் பிரதம மந்திரி துவக்கிவைத்தார். ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் ஃபைபர் அறுப்புகளும் 3,000 கோடி ரூபாய் நஷ்டமும் நேர்வதாகச் சர்க்கார் அப்போது கணக்குச் சொன்னது. 1910இன் அறிவிப்புக்கு இவ்வாறு ஒரு விலாசம் கிடைத்தது.

அபராதமும் வளர்ந்தது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் உரிய பிரிவு 2024 ஜூன் 26 முதல் அமலில் உள்ளது; சாதாரண வலையமைப்பைச் சேதப்படுத்தினால் நஷ்டஈட்டோடு 50 லட்சம் ரூபாய் வரை அது விதிக்கிறது. ஆனால் பள்ளத்தைத் தோண்டுகிறவர் மணிக்கணக்கில் வாடகைக்கு வந்த ஜேசிபி டிரைவர். அவரை அமர்த்தியவர் துணை ஒப்பந்தக்காரர். அவருக்கு மேல் ஒப்பந்தக்காரர், அவருக்கும் மேல் இலாகா. இந்தப் படிகளில் எதன்மீது நஷ்டம் விழும் என்பதைத் தீர்மானிப்பது டெண்டர் பத்திரம். தோண்டுமுன் பெற்ற பதிலை இணைக்காத பில்லுக்குப் பணம் கிடையாது என்று இலாகாக்கள் அதில் ஒரு ஷரத்துச் சேர்த்தால், 50 லட்சத்தைக் கண்டு அஞ்சாத ஒப்பந்தக்காரரும் அந்த வரியைக் கண்டு அஞ்சுவார் என்பது என் அபிப்பிராயம்.