நடுக்கத்தைச் சகித்தல்: ஓர் அளவையின் வரலாறு

எந்திரத்தின் அதிர்வை அளந்து பழுதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வழக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். என்னை இழுத்தது ஒரு தலைப்புதான். 1939-ல் டி.சி. ராத்போன் என்ற அமெரிக்கப் பொறியாளர் மின்நிலையத் துறை இதழொன்றில் எழுதிய கட்டுரைக்கு 'அதிர்வுச் சகிப்பு' என்று பெயர். எவ்வளவு நடுங்கினால் பரவாயில்லை, எதற்கு மேல் ஓட்டக்கூடாது என்று கோடு கிழித்துக் காட்டிய ஆரம்பகாலப் பிரதி அது. அவர் வேலை பார்த்தது இன்சூரன்ஸ் கம்பெனியில். தொழில்நுட்ப வரலாறுகள் ஒரு வரியில் தாண்டிப்போகிற இந்தத் தகவல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சகிப்பு என்றால் யார் சகிப்பது? பேரிங் பக்கத்தில் நிற்கிறவனா, நஷ்டஈடு கொடுக்கப்போகிறவனா?

அதுவரை அளவை என்பது பெரும்பாலும் உடம்புதான். ஸ்க்ரூ டிரைவர் முனையை பேரிங் கூட்டில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பார்கள். உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். காதை ரொமாண்டிக் ஆக்க வேண்டியதில்லை. பேரிங் தடத்தில் சின்னப் பொரிவு விழுந்தால், உருளைகள் அதில் மோதும் மோதலுக்கென்று தனி அதிர்வெண் இருக்கிறது; மொத்த இரைச்சலில் அதைப் பிரித்தெடுக்கக் காதுக்கு முடியாது, கருவிக்கு முடியும். 1961-ல் டொனால்ட் பென்ட்லி நெவாடாவில் தொடங்கிய நிறுவனம், சுழலும் தண்டைத் தொடாமலே அதன் ஆட்டத்தை அளக்கும் உணரிகளைப் பரப்பியது. 1974-ல் ஐ.எஸ்.ஓ. 2372 என்ற சர்வதேசத் தரம் வந்தது. ஆக, கேட்கிற வேலை தொழிலாளியின் உடம்பிலிருந்து காகிதத்துக்குப் போயிற்று. காகிதம் மேஜைக்குப் போகும். மேஜை யாருடையது என்பதை ஃபூக்கோவைப் படிக்காமலே சொல்லிவிடலாம்.

சைபீரியாவில் யெனிசெய் ஆற்றின் மீதுள்ள சயானோ-ஷுஷென்ஸ்கயா நீர்மின் நிலையத்துக்கு வருகிறேன். அதன் இரண்டாம் அலகில் 2009-ல் தொடர் அதிர்வுக் கண்காணிப்பு அமைப்பு பொருத்தப்பட்டது. பொருத்தினார்கள், அவ்வளவுதான், முறைப்படி செயல்பாட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஆனாலும் கருவி தன்பாட்டுக்குப் பதிந்துகொண்டிருந்தது. ஏப்ரலிலிருந்து ஆகஸ்டுக்குள் டர்பைன் பேரிங்கின் அதிர்வு ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அனுமதித்த அளவு 160 மைக்ரான், விபத்தின்போது 840.

ஆகஸ்ட் 16 இரவு, பிராட்ஸ்க் மின்நிலையத்தில் தீப்பிடித்துத் தகவல் தொடர்பு அறுந்தது. மின்சாரத் தேவையின் ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கிற பொறுப்பு சயானோவின் தலையில் விழுந்தது. அதற்குள்ளேயும் இரண்டாம் அலகுக்குத்தான் முன்னுரிமை. அதனால் ஓடக்கூடாத சுமை மண்டலத்தை அது திரும்பத் திரும்பக் கடக்கவேண்டியிருந்தது. ஆகஸ்ட் 17 காலை 8.13-க்கு அலகு மூடியோடு பெயர்ந்து மேலெழுந்தது, தண்ணீர் எந்திரக்கூடத்தில் புகுந்தது. 75 பேர் செத்தார்கள். மூடியைப் பிணைத்திருந்த போல்ட்டுகளில் 49-ஐ ஆராய்ந்தார்கள். 41-ல் உலோகக் களைப்பால் வந்த விரிசல். ஆறில் நட்டு இருந்ததற்கான அடையாளமே இல்லை.

அந்த அதிர்வு உணரியே கோளாறு, மற்ற உணரிகள் அப்படிக் காட்டவில்லை என்று பிறகு மறுப்பு வந்தது. இருக்கட்டும். கோளாறான காதை மாசக்கணக்கில் மாற்றாமல் விட்டது எப்படி? பழுது என்று தெரிந்ததா, இல்லை யாருமே பார்க்கவில்லையா? இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: அந்த எண்ணைப் பார்த்து எந்திரத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யார் கையிலும் ஒப்படைக்கப்படவில்லை.

2014 டிசம்பரில் ஏழு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. நிலைய இயக்குநர், தலைமைப் பொறியாளர் ஆகியோரோடு எந்திரக் கண்காணிப்புப் பிரிவைச் சேர்ந்தவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.