துளை போட்ட தகரம்

மே மாத மதியத்தில் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்தவருக்கு இந்தக் கருவியை அதிகம் விளக்க வேண்டாம். நாம் தப்பித்து ஓடும் அந்தச் சூட்டைத்தான் கனடாக்காரர்கள் தகரத்தில் துளை போட்டு உறிஞ்சி எடுக்கிறார்கள்.

இந்தத் தகரம் பிறந்தது ஒன்டாரியோவில். டொராண்டோவின் கன்சர்வல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஹாலிக், காற்றைச் சூடாக்கும் சுவருக்கு முதலில் கண்ணாடி மூடி வைத்திருந்தார். பிறகு மூடியைக் கழற்றிவிட்டு, கறுத்த உலோகத் தகட்டில் பொடித்துளைகள் போட்டார். தகட்டை ஒட்டி நிற்கும் மெல்லிய சூடான காற்றை, வெளிக்காற்று அடித்துப் போவதற்குள், உள்ளிருக்கும் விசிறி துளை வழியே இழுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் விஷயம். தகரம் தொழிற்சாலைகளில் வளர்ந்தது: 1990களில் ஓஷாவாவின் ஜெனரல் மோட்டார்ஸ், பிறகு மான்ட்ரியலில் பம்பார்டியரின் விமான ஆலை.

2009இல் மான்ட்ரியல் டவுன்டவுனுக்கு வந்தது. கீ-கான்கோர்டியா மெட்ரோவுக்குப் பக்கத்தில், கான்கோர்டியா பல்கலைக்கழகத்தின் ஜான் மோல்சன் வணிகப் பள்ளிக் கட்டடத்தின் உச்சியில், சுமார் 288 சதுர மீட்டர். இங்கே அதன் மேல் 384 சூரிய மின்பேனல்களையும் பொருத்தினார்கள். வெயிலில் பேனல் காய்ந்தால் மின்சாரம் குறையும். பின்னால் ஓடும் காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொள்வதால் பேனலும் குளிர்கிறது, வகுப்பறைகளுக்குப் போகும் புதுக்காற்றும் வெதுவெதுப்பாகிறது. பேராசிரியர் ஆண்ட்ரியாஸ் அத்தியெனிட்டிஸ் குழுவின் ஆய்வு இது. செங்குத்தான சுவரில் பனி தங்காது; குளிர்கால வெயில் தாழ்வாக வருவதால் நேராகவே விழும்.

உச்ச நேரத்தில் மின்சாரம் சுமார் 25 கிலோவாட், வெப்பம் 75. போட்டோவில் பெருமையாக நிற்பது பேனல். மூன்று பங்கு வேலை செய்வதோ அதன் பின்னால் ஒளிந்திருக்கும் தகரம். மான்ட்ரியல் இருக்கும் கியூபெக்கில் இதுதான் சரியான கணக்கும்கூட. அங்கே ஏறக்குறைய எல்லா மின்சாரமும் நீர்மின்சாரம், விலையும் மலிவு. கஷ்டம் வருவது ஜனவரிக் குளிரில், எல்லா வீட்டு ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடும்போது. மைனஸ் 15 டிகிரியில் நுழையும் காற்றைச் சில டிகிரி ஏற்றிக் கொடுத்தாலே பாரம் குறையும்.

ராத்திரியில் இந்தச் சுவர் சும்மாதான் நிற்கும். கோடையிலும் அந்தச் சூட்டுக்கு வேலையில்லை. வெப்பத்தைக் கொண்டே ஏசி ஓட்டும் இயந்திரங்கள் உண்டு. ஆனால் அவற்றுக்கு 80 டிகிரிபோலச் சூடு வேண்டும், இது அவ்வளவு தராது. ஆகவே சென்னைக்கு அப்படியே தூக்கி வர முடியாது.

செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்கு அக்கரையில் வாரென் நகர நூலகம் 2016இல் திறந்தது. கான்கோர்டியா குழுவின் கை அதிலும் உண்டு. அங்கே யோசனை சுவரிலிருந்து கூரைக்கு ஏறிவிட்டது. பேனல்களில் ஒரு பகுதிக்கு அடியில் காற்று ஓடுகிறது, தகரம் கிடையாது.