அமுக்குப் பேயும் மலாக்கா மும்மொழியும்

உறங்குவான் விழிப்புறுகின்றான்; கண் காண்கிறது, கையும் நாவும் அசையவில்லை; மார்பின்மேல் எவரோ ஏறி அமர்ந்தாற்போல மூச்சு முட்டுகிறது. இதனைத் தமிழர் அமுக்குப் பேய் என்றனர். மலாய்க்காரர் 'கெனா திண்டே' என்பர். அழுத்தப்படுதல் என்பது பொருள். சீனர் வழக்கும் பேய் உடலை அழுத்துவதாகவே கூறும்.

மூவினமும் அடுத்தடுத்து வாழும் மலாக்காவில் ஒருவர் சொல்லை மற்றவர் இரவல் பெற்றனர் எனக் கருதத் தோன்றும். அது பொருந்தாது. செருமானியர் தீக்கனவுக்கு இட்ட 'ஆல்ப்டுருக்' என்னும் பெயரிலும் அழுத்தமே உளது. அவர் யாரிடம் இரவல் பெற்றனர்? பெயர் தந்தது உடம்பே என்க.

1953இல் சிக்காகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் விழி விரைந்தசையும் உறக்கத்தைக் கண்டறிந்தனர். அந்நிலையில் தசைகள் தளர்ந்து கிடக்கும் என்பதை 1959இல் பிரான்சின் ழூவே பூனைகளிடத்துக் காட்டினார். தளர்ச்சி நீங்குமுன் அறிவு விழித்தலே அமுக்கு. துயில்நடை இதற்கு மறுதலை: ஆழ்ந்த உறக்கத்தில் உடல் எழுந்து நடக்கும், அறிவு விழியாது. இரண்டையும் ஒரே பேயின் வேலை என்பது பிழை.

மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் 1896இல் ரப்பர் பயிரிட்டார். குளிர்ந்த வேளையில் பால் நன்கு வடியுமாதலின், பின்வந்த தோட்டங்களில் பால்மரம் வெட்டுவோர் இருளிலேயே பெரட்டுக்கு எழுந்தனர். உறக்கக் குறை அமுக்கினை மிகுவிக்கும். மல்லாந்து கிடத்தலும் அவ்வாறே. லயத்தில் பேய்க்கு வேப்பிலை அடித்தனர். பெரட்டு நேரமோ மாறவில்லை.