படத்தின் பின்புறம்

1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் படைமுகாம் அமைத்தபின், சென்னை மாகாணத்துத் தமிழ் மக்கள் பலர் அங்கே பிழைப்பு நாடிக் குடியேறினர். அம்முகாம் பகுதிக்குத் ‘தண்டு’ என்பது பெயர். படையைக் குறிக்கும் அச்சொல் பழந்தமிழிலும் உண்டு. அக்குடும்பங்களின் வரலாறு ஏடுகளில் அருகியே காணப்படும். தகரப் பெட்டிகளில் கிடக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களில்தான் மிகுதி.

120 எனும் அளவுப் படச்சுருள் ஒன்றில் சதுரப் படங்கள் 12 மட்டுமே எடுக்கலாம். ஆதலின் காரணமின்றி எவரும் படம் எடுக்கவில்லை. எம் இல்லத்துப் படமொன்றில் பாட்டனார் அலசூர் ஏரிக்கரையில் விறைப்பாக நிற்கிறார். பின்னே நீரும் மரங்களுமே. திருவள்ளுவர் சிலை அக்கரையில் திறக்கப்பெற்றது 2009-இல் அல்லவா? அவர் அணிந்திருந்த கோட்டு இரவல் என்பதைப் பாட்டியார் சொல்லித்தான் அறிந்தேன். ஊரிலிருந்த தாயார் கவலைப்படலாகாது என்று எடுத்தனுப்பிய படம் அது. அவ்வாண்டு முழுதும் அவருக்கு வேலையே இல்லையாம்! படம் அதைச் சொல்லாது.

மற்றொரு படத்தில் ‘சவுத் பரேடு’ என்னும் பெயர்ப்பலகை தெரிகிறது. அவ்வீதி 1948-இல் மகாத்மா காந்தி சாலையாயிற்று. ஆகவே படம் அதற்கு முந்தியதாகலாம். கடைக்காரர் பலகையை உடனே மாற்றினாரோ, என்னவோ! ஆனால் பலகையின்கீழ்ச் சிரித்து நிற்கும் இளைஞர் இருவர் யாவர்? சொல்லக்கூடிய பாட்டியார் இன்று இல்லை.

பிற மாநிலங்களில் வாழும் அன்பர்கள், வீட்டு முதியோரிடம் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றைக் கேட்டுப் படத்தின் பின்புறம் குறித்து வைக்கலாம். பென்சிலால் மெல்ல எழுதுக. மை ஊறி முகத்தில் தோன்றிவிடும்.